விடியும்வரை நங்கூரம்: துன்ப நேரத்தில் கடவுளை நம்பப் பழகத் தொடங்குபவர்களுக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி, மூக்கையூர் என்று இந்தக் கரையில் எந்த ஊர் அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டத்தில்) உட்கார்ந்தாலும் புதிதாக வந்த ஒருவர் இப்படிக் கேட்பார்: "கடவுளை நம்புங்க, நம்புங்கன்னு எல்லாரும் சொல்றீங்க. எப்படி நம்புறது? காலையில எந்திரிச்சு நான் என்ன செய்யணும்?" அவர் வீட்டுக்காரர் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கலாம். நகையெல்லாம் அடகில் இருக்கலாம். பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கலாம். கேட்பது நியாயமான கேள்வி. நம்பிக்கை மனதில் தானாக ஊறிவரும் என்று உட்கார்ந்திருந்தால் அது வராது. வலை முடிய எப்படிக் கை பழக வேண்டுமோ அப்படிப் பழக வேண்டிய வேலை அது. இங்கே சொல்வது நாற்பது நாள் பழக்கம்.

தேவையானவை அதிகமில்லை: ஒரு விவிலியம், நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா, காலையில் பதினைந்து நிமிடம், இரவில் பத்து நிமிடம். நேரத்தை உங்கள் தொழிலைப் பார்த்து வையுங்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குக் கடல் வற்றும் நேரம்தான் கடிகாரம். அவர்கள் தினமும் காலை ஐந்து மணி என்று முடிவு செய்தால் நான்காம் நாளே விட்டுப்போகும். "கடலுக்குக் கிளம்புமுன்", "உலை வைத்த பிறகு" என்று ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டுங்கள். இடம் ஒன்றாகவே இருக்கட்டும். வீட்டில் இடமில்லையென்றால் தெருமுனைக் குருசடி (சிலுவை நட்ட சிறு செபக்கூடம்) போதும்.

செபத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

சில துன்பங்களில் முதலில் ஓட வேண்டும், அப்புறம்தான் முழங்கால். படகு திரும்பும் நேரம் கடந்துவிட்டால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு உடனே பேசுங்கள். படகின் பதிவு எண், எத்தனை பேர், எந்தப் பக்கம் போனார்கள், கடைசியாகத் தொடர்பில் இருந்த நேரம் ஆகிய நான்கையும் சொல்லுங்கள். மீன்துறைக்கும் சங்கத்துக்கும் சொல்லுங்கள். அதன்பிறகு கரையில் கூடிச் செபமாலை சொல்லலாம். பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் படகைப் பத்திரப்படுத்துவது அவிசுவாசம் இல்லை. கீழக்கரை, தொண்டிப் பக்கத்து முஸ்லிம் பெரியவர்கள் தவக்குல், அதாவது இறைவனையே சார்ந்திருப்பது, பற்றிப் பேசும்போது, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் ஒப்படை என்ற நபிமொழியைச் சொல்வார்கள். படகுக்காரர்களுக்கும் அது அப்படியே பொருந்தும்.

நோய்க்கும் இதுதான். மனநோய்க்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். குணமாக வேண்டும் என்று உறவினர் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். செபம் மருந்தை நிறுத்தச் சொல்லாது. நிறுத்தச் சொல்பவர் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். "செத்துவிடலாம்" என்ற எண்ணம் உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ வந்தால் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், 104-லும் பேசலாம். அன்று இரவு அவரைத் தனியாக விடாதீர்கள்.

அடுத்தது சோறும் தூக்கமும். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எலியா இறைவாக்கினர் ஒரு செடியின் அடியில் படுத்து, "போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்ட இடத்தை வாசித்துப் பாருங்கள் (1 அரசர்கள் 19). வானதூதர் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா மறுபடி படுத்துவிட்டார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுத்தார். கடவுள் பேசியது அதற்கும் நாற்பது நாள் கழித்து. ஆகவே முதல் மூன்று நாள் உங்கள் கடமை: இரண்டு வேளையாவது சாப்பிடுவது, இரவில் ஆறு மணி நேரமாவது படுத்திருப்பது. உபவாசம் இருக்க இது நேரமில்லை. ஏற்கெனவே பட்டினியாய்க் கிடக்கும் உடம்போடு நோன்பும் சேர்ந்தால் பயம் கூடும், செபம் கூடாது.

ஆழம் பார்ப்பது

நான்காம் நாள் நோட்டைத் திறந்து, திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். கடல் தெரிந்தவர்களுக்கு விவிலியத்தில் இதைப்போல இன்னொரு அதிகாரம் இல்லை. பவுல் கைதியாக ஏறிய கப்பலில் 276 பேர். பல நாள் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. சரக்கை எறிந்தார்கள், கப்பலின் தளவாடங்களையும் தங்கள் கையாலேயே எறிந்தார்கள். பதினான்காம் இரவு நடுச்சாமத்தில் கரை நெருங்குவதுபோல் தெரிந்ததும் மாலுமிகள் என்ன செய்தார்கள்? ஆழம் அளக்கும் கயிறான விழுதை விட்டு ஆழம் பார்த்தார்கள். இருபது பாகம் (ஒரு பாகம் இரண்டு கையையும் விரித்த நீளம்). கொஞ்சம் போய் மறுபடி பார்த்தார்கள். பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடுவோம் என்று தெரிந்தது. கப்பலின் பின்பக்கமான பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரத்தை இறக்கினார்கள். பிறகு, விடியாதா என்று காத்திருந்தார்கள்.

நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். ஒரு பக்கத்தில் உங்கள் துன்பத்தை எழுதுங்கள், அளவோடு. "கடன் தாங்க முடியல" என்று எழுதினால் அதில் ஆழம் தெரியாது. யாரிடம், எவ்வளவு, எத்தனை வட்டி, அடுத்த தவணை என்றைக்கு என்று எழுதுங்கள். "அவர் எப்ப வருவாரோ" என்று எழுதாமல், எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா எந்தத் தேதி, படகின் எண் என்ன, வழக்கைப் பார்ப்பவர் யார் என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஓர் எழுத்து: நீங்கள் செய்யக்கூடியது என்றால் "நா", உங்கள் கையில் இல்லாதது என்றால் "க", அதாவது கடவுளிடம். மகளிர் குழுத் தலைவியிடம் தவணைக்கு அவகாசம் கேட்பது "நா". நீதிபதியின் மனது "க". இரண்டும் கலந்த வரி வந்தால் அதை இரண்டாக உடையுங்கள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். "நா" என்று குறித்ததைக் கடவுளிடம் தள்ளிவிட்டு, "க" என்று குறித்ததை இரவு முழுக்க மனதில் உருட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு "நா" வரிகளில் ஒன்றே ஒன்றைச் செய்யுங்கள். "க" வரிகளைச் செபத்தில் மட்டும் எடுங்கள். மற்ற நேரத்தில் அது மனதில் வந்தால், "இதைக் காலையில கொடுத்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நூறு முறை வந்தால் நூறு முறை.

காலைப் பதினைந்து நிமிடம்

முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டாம், உட்கார்ந்திருங்கள். அடுத்த ஐந்து நிமிடம் ஒரு திருப்பாடல், சத்தமாக, மெதுவாக. பிறகு ஐந்து நிமிடம் உங்கள் சொந்த வார்த்தையில் "க" வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மீதி மூன்று நிமிடம் கர்த்தர் கற்பித்த செபம் ஒரே ஒரு முறை, ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு விட்டு. "இன்று" என்ற சொல் வரும்போது நில்லுங்கள். அன்றாட உணவைத்தானே கேட்கச் சொன்னார். பாலைநிலத்தில் மன்னாவும் அன்றன்றைக்குத்தான் கிடைத்தது, மறுநாளுக்கு எடுத்துவைத்ததில் புழு வைத்தது (விடுதலைப் பயணம் 16). ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பங்கள் இந்த வரியை வாசித்தால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. அறுபத்தொரு நாளையும் ஒரே இரவில் சுமந்தால் முதுகு ஒடியும்.

திருப்பாடல்களில் 23-இலிருந்து தொடங்கலாம், எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். மனது கொதிக்கும் நாளில் 13-ஐ எடுங்கள். ஆறே வசனம், அதில் "எவ்வளவு காலம்" என்ற கேள்வி நான்கு முறை வரும். தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது என்று தொடங்குவது 69. கடலில் தொழில் செய்பவர்களைப் பற்றியே 107-இல், 23 முதல் 32 வரை. அழுகை வராமல் நெஞ்சு அடைத்திருந்தால் 88: கடைசி வரிவரை அதில் இருட்டுதான், ஆறுதல் சொல்லி முடியாது. அதையும் செபம் என்று விவிலியம் வைத்திருக்கிறதே, அதுவே பெரிய ஆறுதல். சில பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் எண் ஒன்று குறைந்திருக்கும். 23-ஐ 22 என்று தேடுங்கள்.

"கடவுள்கிட்ட இப்படிப் பேசலாமா" என்ற கூச்சம் புதியவர்களுக்கு வரும். மாற்கு 4-இல் படகு நிரம்பிக்கொண்டிருக்கும்போது இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கினார். சீடர்கள் மரியாதையாகவா எழுப்பினார்கள்? "நாங்க சாகப்போறோம், உமக்குக் கவலையே இல்லையா" என்ற தொனியில்தான் எழுப்பினார்கள். மாற்கு சொல்லும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் காற்றை அடக்கினார், "ஏன் பயம்" என்று கேட்டது அதற்கப்புறம். கோபமாக வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பவில்லை.

இரவுப் பத்து நிமிடம்

இதை, இயேசு சபையை நிறுவிய தூய இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த முறையில் செய்கிறோம். 1549-இல் வேதாளையில் கொல்லப்பட்ட அந்தோனி கிரிமினாலியும், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரும் (ஜான் டி பிரிட்டோ) அவருடைய சபையைச் சேர்ந்தவர்கள். ஆகவே இந்தக் கரைக்கு இது அந்நியமான முறை இல்லை. வரிசை இதுதான்: அன்றைக்கு நன்றி சொல்லத்தக்க மூன்று காரியம்; கழிந்த அந்த நாளை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கேட்பது; காலையிலிருந்து மணிக்கணக்காகத் திரும்பிப் பார்ப்பது; தவறிய இடத்துக்கு மன்னிப்பு; நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம். நன்றியைச் சின்னதாகத் தேடுங்கள். "உயிரோடு இருக்கிறேன்" என்று எழுதினால் மூன்றாம் நாளே அது சடங்காகிவிடும். "பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு கிண்ணம் சூடைமீன் குழம்பு கொடுத்தார்" என்று எழுதுங்கள். பராமரிப்பு பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகிறது. எழுதாதவர்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

வழி கேட்பது

நம்பிக்கையைவிட இதில்தான் அதிகக் குழப்பம். மகனை வளைகுடாவுக்கு அனுப்பலாமா, விசைப்படகு வேலையை விட்டு நாட்டுப்படகுக்குப் போகலாமா, வழக்கு முடியும்வரை பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா? பலர் கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். இது சீட்டுக் குலுக்குவதற்குச் சமம். பிடித்த வசனம் வரும்வரை மறுபடி மறுபடி திறக்கவும் கை போகும். செய்யாதீர்கள்.

முதல் விதி: மனம் இருண்டு கிடக்கும்போது பழைய நல்ல தீர்மானத்தை மாற்றாதே. இது இஞ்ஞாசியார் சொன்னது. சாவுச் செய்தி, கைதுச் செய்தி, பெரிய சண்டை இவற்றுக்குப் பிறகு ஒரு வாரமாவது வீட்டை, படகை, நகையை விற்கும் முடிவு வேண்டாம். இரவு ஒன்பதுக்கு மேல் எந்த முடிவும் வேண்டாம்.

மனம் தெளிந்த பிறகு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். வளைகுடா விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்: போனால் நன்மை, போனால் தீமை, இருந்தால் நன்மை, இருந்தால் தீமை. "இருந்தால் நன்மை" கட்டம் எப்போதும் காலியாகக் கிடக்கும். அதை நிரப்பாமல் எழுந்திருக்காதீர்கள். உண்மை விவரமும் வேண்டும்: ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்று இ-மைகிரேட் இணையதளத்தில் பாருங்கள், சம்பளமும் வேலையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். விசாரிக்காமல் "ஆண்டவர் வழி காட்டுவார்" என்று பணம் கட்டுவது அவரைச் சோதிப்பது.

பிறகு மூன்று கேள்வி. முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்? என் சாவுப் படுக்கையில் திரும்பிப் பார்த்தால் எதைத் தேர்ந்திருக்க விரும்புவேன்? எது எனக்கு அன்புக்கு அதிக இடம் தரும்? ஒரு பக்கம் சாய்வு தெரிந்ததும், முடிவை வெளியே சொல்லாமல் மூன்று நாள் "போகிறோம்" என்று வைத்து வாழ்ந்து பாருங்கள். அடுத்த மூன்று நாள் "இருக்கிறோம்" என்று வைத்து வாழுங்கள். ஒவ்வொரு இரவும் மனம் எப்படி இருந்தது என்று ஒரு வரி. இஞ்ஞாசியார் 1521-இல் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டில் கால் உடைந்து, லொயோலாவில் தன் வீட்டில் படுத்திருந்தபோது கண்டுபிடித்தது இதைத்தான்: சில நினைவுகள் வரும்போது இனிக்கும், போனபின் வறட்சி, வேறு சில, போனபிறகும் நிறைவு தங்கும். அந்தத் தங்குகிற நிறைவைப் பாருங்கள். பயமே இருக்காது என்று எதிர்பார்க்காதீர்கள்; பயமும் நிறைவும் ஒரே முடிவில் சேர்ந்தே இருக்கும். கடைசியாக, நீங்கள் ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) செய்யும் பங்குச் சாமியாரிடமோ உபதேசியாரிடமோ உங்களுக்கு ஒத்து ஊதாத ஒருவரிடமோ நோட்டைக் காட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வழி தெரியாமல் இருக்கலாம். திருப்பாடல் 77-இன் முடிவில் கடவுளின் பாதை கடல் வழியே போனது, அவர் காலடித் தடம் மட்டும் தெரியவில்லை என்று வருகிறது. தண்ணீரில் தடம் நிற்காது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அப்போது நேற்றைய கடமையையே இன்றும் செய்யுங்கள். புது வெளிச்சம் வரும்வரை பழைய வெளிச்சம் செல்லும்.

கெடுப்பவை

நேர்த்திக்கடன். ஓரியூருக்கு நடந்து வருகிறேன், வேளாங்கண்ணிக்கு மொட்டை போடுகிறேன் என்று நேர்வதில் தவறில்லை. ஆனால் நேராமல் இருப்பது பாவமில்லை என்று இணைச்சட்டம் 23 தெளிவாகச் சொல்கிறது. துன்பம் வந்த முதல் மூன்று நாளில் எதுவும் நேராதீர்கள். கடன் வாங்கிச் செலுத்த வேண்டியதை நேராதீர்கள்; மீட்டர் வட்டிக்கு வாங்கி மாதாவுக்கு வெள்ளிக் கிரீடம் வைப்பதை அந்தத் தாய் கேட்கவில்லை. இன்னொருவர் தலையில் விழுவதை நேரவே கூடாது. இப்தா யோசிக்காமல் நேர்ந்தது சொந்த மகள்மேல் வந்து விழுந்தது (நீதித் தலைவர்கள் 11).

"இது என் பாவத்துக்குத் தண்டனையா?" 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அலையில் போய், அதிலிருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள் இருந்தது. ஆலயத்தின் சுவர்கள் இன்றும் அங்கே கூரையில்லாமல் நிற்கின்றன. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இதே கேள்வி எழுந்தபோது இயேசு "இல்லை" என்றார் (லூக்கா 13). ஏன் நடந்தது என்பதற்கு அவர் விளக்கம் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் புயலும் அடங்கும் என்று வாக்கு கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பவுலுக்கே உயிர் தப்பும் என்றுதான் சொல்லப்பட்டது, கப்பல் போய்விட்டது. நீந்தத் தெரியாதவர்கள் உடைந்த பலகையைப் பிடித்து மால்டா கரை ஏறினார்கள்.

பதினைந்தாம் நாளுக்கு மேல் ஒரு சோர்வு வரும். எதுவும் மாறியிருக்காது, திருப்பாடல் வாயில் மணல்போல இருக்கும். செபம் தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. நேரத்தைக் குறைக்காதீர்கள், கூட்டவும் வேண்டாம். அதே பதினைந்து நிமிடம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்ட வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தனியாக முடியவில்லை என்றால் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் இருவர் வேண்டியதில்லை. எதிர்வீட்டு அக்காவும் நீங்களும் இரவில் போனில் நன்றிகளைச் சொல்லிக்கொண்டாலே போதும்.

நாற்பதாம் நாள் நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். "க" என்று குறித்த வரிகளில் தீர்ந்தவற்றுக்குக் கோடு போடுங்கள், தீராதவற்றைப் புது நோட்டுக்கு மாற்றுங்கள். எழுதிய நன்றிகளை எண்ணிப் பாருங்கள். நூற்றுக்குக் கிட்ட இருக்கும். அவற்றில் எத்தனை இன்னொருவர் கையால் வந்தன என்று தனியாக எண்ணுங்கள்.

அதன்பிறகு ஊரில் ஒரு வீட்டில் துக்கமோ கைதோ நடந்தால் நீங்கள்தான் முதலில் போக வேண்டும். வடித்த சோறும் ஒரு குழம்பும் தூக்குவாளியில் எடுத்துப் போங்கள். "எல்லாம் கடவுள் சித்தம்" என்று வாசலிலேயே சொல்லாதீர்கள். பாத்திரத்தைக் கழுவுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள், வாய்தாத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்டால் மட்டும் 13-ஆம் திருப்பாடலை எடுத்து, அவர்களோடு சேர்ந்து "எவ்வளவு காலம்" என்று கேளுங்கள்.